ஐந்து ஆறு... ஒரே கியர்!

என் எடை 98 கிலோ. வீட்டில்கூட ‘தொண்ணூறு சொச்சம்’ என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் முழுக் கணக்கையும் ஒப்புவிக்கக் காரணம் இருக்கிறது. இந்த வாரக் கதையே அந்த 98-ல்தான் ஆரம்பிக்கிறது!

போன வருஷம் டாக்டர், ‘‘முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நீங்க நடக்கறதைவிட சைக்கிள் ஓட்டறது நல்லது’’ என்றார். உடனே போய் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. மூவேழு இருபத்தொரு கியர். நான் பி.காம். படித்தவன். ஒன்றுக்குப் பதில் இருபத்தொன்று கிடைக்கிறது என்றால் அது லாபம்தானே என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றை நோக்கி விடியற்காலையில் போய்க்கொண்டிருக்கிறேன். இந்தச் சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறுகளைத் தாண்டினால்தான் திருவையாறு. ஐந்து ஆறு என்றால் ஐந்து பாலம். ஐந்து பாலம் என்றால் ஐந்து ஏற்றம். கரந்தை தாண்டியாயிற்று. பள்ளியக்ரஹாரம் வந்தாயிற்று. வெண்ணாற்றுப் பாலத்துக்கு ஏறும் இடத்தில் எழுந்து நின்று ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

‘டொக்!’

பின்சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, பிரேக்கில் உரசி நின்றுவிட்டது. பின் ஆக்சில் உடைந்துபோயிருந்தது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய டபுள் பார் சைக்கிள். கேரியரிலும் இரண்டு பக்கமும் வாழை இலைக் கட்டுகள். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்கு. வண்டியைப் பாலத்தின் மேல் தள்ளிக்கொண்டு வந்தவர், என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

‘‘கியர் வண்டிங்களா தம்பி?’’

‘‘ஆமாங்கய்யா.’’

‘‘எத்தினி கியரு?’’

‘‘இருபத்தொண்ணு.’’

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தின் உச்சியில் ஒரு காலைப் பெடலில் வைத்து, இன்னொரு காலை வீசிப் போட்டு ஏறி, இறக்கத்தில் சர்ரென்று போய்விட்டார். அவர் சொல்லாமல் விட்ட பதில்தான் ஒரு வாரம் என் மண்டைக்குள் குடைந்தது. அவர் வண்டியின் மீது அவரும் சுமையும் சேர்ந்து என்னைவிட ஐம்பது கிலோவாவது கூடுதல். அதில் இருப்பது ஒரே கியர். அது உடையவில்லை. என்னுடைய இருபத்தொன்று உடைந்தது. ஏன்?

இந்த ‘ஏன்’ நம்மை நூற்றி நாற்பது வருஷம் பின்னால் இழுத்துப் போகிறது. வாருங்கள், டபுள்ஸ் போவோம்!

*

1880-ல் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் இங்கிலாந்தில் ஒரு செயினுக்குக் காப்புரிமை வாங்கினார்.  ஒவ்வொரு கண்ணியிலும் உருளும் குழல் வைத்த செயின். இன்றைக்கு உங்கள் வீட்டு சைக்கிளில் ஓடுவதும் அதன் பேரப்பிள்ளைதான். ஐந்து வருஷம் கழித்து, 1885-ல், ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. பெடல் நடுவில், செயின் வழியாகப் பின்சக்கரம் சுற்றும். அதுவரை முன்சக்கரம் ஆளுயரமாக இருந்த வண்டியில் ஏறி, விழுந்து, பல்லை உடைத்துக்கொண்டவர்கள் பெருமூச்சு விட்டார்கள். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். நமக்குத் தெரிந்த சைக்கிள் பிறந்துவிட்டது.

அடுத்த கேள்வி, மேட்டில் எப்படி ஏறுவது? அங்கேதான் கியர் வருகிறது.

ஒரு வழி, கியர்களைப் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பூட்டிவைப்பது. 1902-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், ராலே கம்பெனியின் ஆதரவில், ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் உருவானது. வெளியே பார்த்தால் ஒரே செயின், ஒரே பல்சக்கரம். வித்தை எல்லாம் உள்ளே. தூசி போகாது, மழை போகாது. எண்ணெய் விட்டால் வருஷக்கணக்கில் ஓடும்.

இன்னொரு வழி பிரான்ஸில் வளர்ந்தது. சின்னதும் பெரியதுமாகப் பல பல்சக்கரங்களை அடுக்கிவைத்து, ஓடும் செயினையே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது. டீரெய்லர் என்று பெயர். செயின்ட் எட்டியென் நகரத்தில் பால் தெ விவி என்ற பத்திரிகைக்காரர் ‘மலை ஏற வேண்டுமானால் கியர் வேண்டும்’ என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். நம்ம ஜாதி!

ஆனால், அவரைவிடப் பெரிய பத்திரிகைக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றார். ‘டூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்தை 1903-ல் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஞ். அதற்கு முந்தைய வருஷமே அவர் எழுதிவிட்டார்... கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று! தசை வலிமையால் ஜெயிப்பவன்தான் வீரன் என்பது அவர் கட்சி. அவருடைய பந்தயத்தில் டீரெய்லருக்கு அனுமதியே கிடையாது. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் அது உள்ளே நுழைந்தது. அதுவரை வீரர்கள் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். சக்கரத்தின் ஒரு பக்கம் சின்னப் பல், மறுபக்கம் பெரிய பல். அதுதான் கியர் மாற்றுவது!

எனக்கு இப்போது வயது 46. தெக்ரான்ஞ் கணக்குப்படி எனக்கு முழு உரிமை உண்டு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

*

இந்த மூன்று வழிகளில் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது எது? மூன்றாவதாக இருந்த, கியரே இல்லாத வழி.

வெள்ளைக்காரன் காலத்தில் சைக்கிள் கப்பலில் வந்தது. ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ. என்று பெயர்களே கம்பீரமாக இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குடும்பமும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். 1951-ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. அதே காலத்தில் வடக்கே சோனிப்பட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. எல்லோரும் செய்தது ஏறக்குறைய ஒரே வண்டியைத்தான். இங்கிலாந்தின் பழைய ‘ரோட்ஸ்டர்’ மாடல். கறுப்புப் பெயின்ட், 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், சுமார் 20 கிலோ எடை.

குரங்கு பெடல் போட்டு நீங்களும் நானும் முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட அதே வண்டி!

அந்த வண்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. பாரம் பின்னால் உட்காரும் என்று தெரிந்து வைத்த கணக்கு அது. முன்னால் செயின் வீலில் வழக்கமாக 44 பல், சிலவற்றில் 48. பின்னால் பிரீவீலில் 18 பல். 44-ஐ 18-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டரை. நீங்கள் ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் போகும்.

இந்தக் கணக்கு மலைநாட்டுக்கு ஒத்துவராது. ஆனால், காவிரிப் படுகைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கிறது. 40 கிலோமீட்டர் தள்ளி கும்பகோணம் அதில் பாதி உயரம்கூட இல்லை. அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத தரை. தண்ணீரே யோசித்து யோசித்துத்தான் ஓடும். இங்கே சைக்கிள்காரனுக்கு இருந்த எதிரிகள் இரண்டே பேர். ஒன்று ஆடிக் காற்று. இன்னொன்று பாலம்.

அதனால் இந்த ஒற்றை கியர் வண்டி மேல் எங்கள் ஜில்லா ஏற்றாத பாரம் கிடையாது. புல்லுக்கட்டு, பால் கேன், தேங்காய் மூட்டை, மண்பானை, முன்பாரில் மகன், பின்னால் மனைவி, அவர் மடியில் மகள். 1960-களில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தஞ்சை மாவட்டத்தை விட்டு நெல்லும் அரிசியும் வெளியே போகக் கட்டுப்பாடு இருந்தது. ராத்திரி நேரத்தில் ஒற்றையடிப் பாதையில் எல்லை தாண்டிய சைக்கிள் மூட்டைகளைப் பற்றிக் கதை சொல்லாத பெரியவர்கள் எங்கள் பக்கம் குறைவு. விளக்கு இல்லாமல், மணி அடிக்காமல், செயினுக்கு எண்ணெய் விட்டுச் சத்தத்தைக் கொன்று... அந்த வண்டிக்கு ஒரு நாளும் ஆக்சில் உடைந்ததாகக் கதையில் வராது.

உலகத்துக்கும் இது தெரியும். 1954-ல் வியட்நாமின் தியன் பியன் பூ போரில், மலைக்காட்டுக்குள் அரிசியும் குண்டும் எப்படி வந்து சேரும் என்று பிரெஞ்சுத் தளபதிகள் அலட்சியமாக இருந்தார்கள். ஜெனரல் கியாப் 20,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களை இறக்கினார். ஒவ்வொன்றிலும் 200 கிலோவும் அதற்கு மேலும். ஹேண்டில்பாரில் ஒரு மூங்கில், சீட்டுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கட்டி, தள்ளிக்கொண்டே போனார்கள். ஓட்டவில்லை, தள்ளினார்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

*

இனி அந்த உடைந்த ஆக்சிலுக்கு வருவோம்.

கீழவாசல் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடை. வாடகை சைக்கிள் காலத்திலிருந்து இருக்கும் கடை. உரிமையாளருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். என் சக்கரத்தைக் கழற்றி, உடைந்த ஆக்சிலை உருவி மேஜைமேல் வைத்தார். பக்கத்திலேயே ஒரு பழைய ரோட்ஸ்டரின் பின் ஹப்பையும் வைத்தார்.

‘‘பால்ரஸ் எங்க உக்காந்திருக்கு பாரு தம்பி’’ என்றார்.

பார்த்தேன். பழைய ஹப்பில் பிரீவீல் ஒல்லியாக, ஒரே வில்லை. அதனால் உள்ளே பால்ரஸ், ஆக்சிலின் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முனை ஃபிரேமில் நட்டு போட்டு இறுகியிருக்கிறது. என்னுடையதில், ஏழு பல்சக்கரம் சேர்ந்த கனமான பிரீவீலை ஹப்பின் மேல் மரையில் திருகியிருக்கிறார்கள். அந்த ஏழுக்கும் இடம் விடுவதற்காக வலதுபக்கத்துப் பால்ரஸ் மூன்று, நான்கு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப்போய்விட்டது. பால்ரஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஆக்சில் தாங்குவாரின்றி அந்தரத்தில் நிற்கிறது.

புரியவில்லையா? வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட தென்னைமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் நின்றால் மரம் அசையாது. நடுவுக்குப் போகப்போக வளையும். என் 98 கிலோ மரத்தின் உள்பக்கமாகப் போய் நின்றுவிட்டது! ஒவ்வொரு மிதிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, களைத்து, வெண்ணாற்றுப் பாலத்தில் உயிரை விட்டது.

இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்து ரொம்ப நாளாயிற்று. 1978-ல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் ‘ஃப்ரீஹப்’ என்ற ஏற்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரீவீல் வேலையை ஹப்போடு சேர்த்துவிட்டு, வலதுபக்கத்துப் பால்ரஸைப் பல்சக்கரங்களுக்கு அடியில், வெளிப்பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். மரத்தில் மறுபடி கரையோரம் வந்து நின்றாயிற்று. இதில் மாட்டும் பல்சக்கர அடுக்குக்குப் பெயர் கேசட். ஆனால், விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பழைய மரை பிரீவீலே இன்னும் ஓடுகிறது. ஐம்பது, அறுபது கிலோ ஆட்களுக்கு அது போதும். என்னைப் போன்றவர்களுக்குப் போதாது. ஃபிரேமில் ‘21’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதைப் போடுவதில்லை.

‘‘அப்ப அந்தக் காலத்து வண்டியில ஒண்ணுமே உடையாதாய்யா?’’ என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். உள்ளே கோட்டர் பின்கள். கிராங்கை நடு ஆக்சிலோடு பிணைக்கும் சின்ன இரும்பு ஆப்பு. பாரம் ஏற்றி மிதித்தால் முதலில் தேய்வது அதுதான். பெடல் ‘டக் டக்’ என்று ஆடும். கடையில் பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை அடித்தால் முடிந்தது. வண்டியின் மொத்தக் கோபமும் ஒரு டீ விலையில் தீர்ந்துவிடும்.

‘‘எத்தன கியருன்னு பாத்து வாங்கக் கூடாது தம்பி. எது ஒடியும், ஒடிஞ்சா எவ்வளவு ஆகும், அது நம்ம ஊர்ல கெடைக்குமா... இத பாத்து வாங்கணும்’’ என்றார்.

மூன்று வருஷம் பி.காமில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தந்ததில்லை.

*

இந்த இடத்தோடு முடித்துக்கொண்டால் கட்டுரை சுகமாக இருக்கும். ‘பழைய சைக்கிள்தான் உசத்தி, கியர் எல்லாம் டூப்பு’ என்று நீங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவீர்கள். ஆனால், வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் அது மோசடிக் கணக்கு. செலவுப் பக்கம் ஒன்று இருக்கிறது.

அந்த வாழை இலைப் பெரியவர் பாலத்தில் ஏன் இறங்கித் தள்ளினார்?

ஒரு கணக்குப் போடலாம். ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 20, சரக்கு 90. மொத்தம் 170. பாலம் முப்பது அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. 44-க்கு 18 பல் வைத்த வண்டியை உட்கார்ந்து மிதித்து ஏற்ற, பெடலில் சராசரியாக 38 கிலோ அழுத்தம் வேண்டும். பெடல் சுற்றும்போது அழுத்தம் ஒரே சீராக இறங்காது. மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை, பெடல் முன்னால் நீட்டி நிற்கும் இடத்தில் உச்சம். அந்த உச்சம் கிட்டத்தட்ட 60 கிலோ. அதாவது, அவருடைய முழு உடம்பையும் ஒற்றைக் காலில், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் தூக்கிப் போட வேண்டும். 60 கிலோ மனிதரால் 60 கிலோ அழுத்தத்தை எத்தனை தடவை கொடுக்க முடியும்?

அதனால் இறங்கினார். தள்ளினார். எங்கள் டெல்டா சைக்கிளுக்கு இரண்டாவது கியர் இருந்தது என்றால், அது இதுதான். இறங்கித் தள்ளுவது! தியன் பியன் பூவில் ஓடியதும் இதே இரண்டாவது கியர்தான்.

இறங்காதவர்களும் இருந்தார்கள். இறங்க முடியாதவர்கள் என்று சொல்ல வேண்டும். 1973-ல் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். மனிதனை மனிதன் நடந்து இழுக்கும் கொடுமை தீர்ந்தது, நல்ல காரியம். ஆனால், அந்த மூன்று சக்கர வண்டியிலும் ஒரே கியர்தான். உள்ளே இரண்டு பேர், ஒரு டிரங்குப் பெட்டி. பாலம் வந்தால் சீட்டை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்து, இடது, வலது என்று மொத்த உடம்பையும் பெடலில் கவிழ்ப்பார்கள். சவாரி மனமிரங்கி இறங்கினால் உண்டு. ஐம்பது வயதில் அவர்களில் பலர் மாடிப்படி ஏறுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

வண்டி உடையவில்லை. சரிதான். முட்டி உடைந்தது. தெக்ரான்ஞ் சொன்ன வீரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள்!

பக்கத்து மாவட்டத்தில் இதே வண்டி விடுதலையாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1974-ல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவான புதுக்கோட்டை. 1991, 92-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் மணி அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. கறுப்பு ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்பார் இடைஞ்சல் என்று நாம் நினைப்போம். அவர்கள் அதில் குழந்தையை உட்காரவைத்தார்கள். கேரியரில் தண்ணீர்க் குடம். பாரத்தைப் பற்றி அந்த வண்டியிடம் யாரும் அனுமதி கேட்கவேயில்லை.

*

சரி, கனமான ஆள் என்ன வாங்குவது? டாக்டர் சொல்லிவிட்டார், வண்டி வேண்டும். வரலாறு சொல்கிற பதிலைச் சேர்த்துச் சொல்கிறேன். அளவு ஜாக்கெட் மாதிரி வெட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

கியர் வண்டிதான் வேண்டும் என்றால், எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். பின்பக்கம் மரை பிரீவீலா, கேசட்டா என்று கேளுங்கள். உங்கள் எடை 85, 90-ஐத் தாண்டினால் கேசட் இல்லாத ஏழு கியருக்குப் போகாதீர்கள். பின்சக்கரத்தில் 36 போக்ஸ் கம்பியாவது இருக்கட்டும். முன்னால் ஒரே செயின் வீல் போதும். அதன் பல்லும், பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பல்லும் ஏறக்குறைய சமமாக இருந்தால் எந்தப் பாலத்திலும் உட்கார்ந்தபடி ஏறலாம். எழுந்து நின்று ஓங்கி மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் கியரின் ஆயுளில் கழிகிறது.

ஹப்புக்குள் இருக்கும் மூன்று கியர் கிடைத்தால் நம் சமவெளிக்கு அது அருமையான சாமான். ஸ்டர்மி ஆர்ச்சர் 1936-ல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. என்ற ஹப்பில் முதல் கியர் கால்வாசி இலகு, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு வேகம். நாட்டிங்காம் தொழிற்சாலை 2000-த்தில் மூடியது. ஆனால், தைவானின் சன்ரேஸ் நிறுவனம் அதை வாங்கி இன்றும் தயாரிக்கிறது. ஒரு எச்சரிக்கை... இலகுவாக வேண்டும் என்று முன்னால் ரொம்பச் சின்னப் பல்லைப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பொடிப் பற்களுக்கு முறுக்கு அதிகமாகும். தயாரிப்பாளர் ஒரு எல்லை சொல்லியிருப்பார், அதற்குள் நில்லுங்கள்.

செயின்? கியர் கூடக்கூட செயின் ஒல்லியாகிறது. பழைய வண்டிச் செயினின் உள்ளகலம் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பலகியர் செயின் அதைவிடக் குறுகல். அறுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் கனமான ஆள் மிதித்தால் சீக்கிரம் தேயும். வீட்டில் பிள்ளையின் அடி ஸ்கேலை எடுங்கள். எந்த சைக்கிள் செயினிலும் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயின் செத்துவிட்டது. உடனே மாற்றாவிட்டால் பல்சக்கரத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும்.

கடைசியாக, பழைய ரோட்ஸ்டரே போதும் என்கிறவர்களுக்கு. கடைக்காரர் எனக்குக் காட்டிய பொருள் இது. ரிக்‌ஷா, பார வண்டி போன்றவற்றுக்கென்று 20 பல், 22 பல் பிரீவீல் உண்டு. 18 பல் இருந்த இடத்தில் 22-ஐத் திருகி, செயினில் இரண்டு கண்ணி சேர்த்தால் முடிந்தது. ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போன வண்டி நான்கரை மீட்டர் போகும். வேகம் கொஞ்சம் போச்சு. ஆனால், காலில் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடைய புதிதாக ஒன்றுமே சேரவில்லை. விலை, ஒரு சினிமா டிக்கெட்.

நான் அப்பாவின் பழைய வண்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஓவராயில் பண்ணி, 22 பல் போட்டுக்கொண்டேன்.

*

போன மாதம் மறுபடி அதே சாலை. ஐந்து ஆறும் தாண்டி, காவிரிப் பாலத்தில் உட்கார்ந்தபடியே, மூச்சிரைத்தாலும் இறங்காமல், ஏறிவிட்டேன். நடுப்பாலத்தில் எதிரே அதே வாழை இலைப் பெரியவர், தள்ளிக்கொண்டு வருகிறார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. எடை அப்படி.

‘‘கியர் வண்டி என்னாச்சு தம்பி?’’

நின்று, விஷயத்தைச் சொன்னேன். பின்சக்கரத்தைக் காட்டினேன். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஒரு கையால் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். விரலால் பல்லை ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்திரண்டு.

தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அதை அவர் எண்ணவில்லை.

‘‘எவ்வளவு காலமா இது கடையில கெடைக்குது?’’

‘‘ரொம்ப நாளா இருக்காம்யா.’’

‘‘முப்பது வருஷமா இந்த அஞ்சு பாலத்துலயும் தள்ளிட்டிருக்கேன். ஒருத்தனும் சொல்லலியே’’ என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கடையின் பெயரையும் தெருவையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு, இலைக் கட்டைச் சரிசெய்து, தள்ளத் தொடங்கினார். உச்சி வந்ததும் வழக்கம்போல் ஒரு காலைப் பெடலில் வைத்தார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். நிறுத்திச் சொல்லுங்கள்... ‘‘ஐயா, இருபத்திரண்டு பல்!’’